மலிவு டேப்லட்டும் அப்பாவின் எச்சில் விரலும்

ஆபீஸ்ல ஆணி அதிகம் மக்களே. அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. 'அப்பாடா, நிம்மதியா இருந்தோம்'னு நீங்க முணுமுணுக்கறது இங்க வரைக்கும் கேட்குது. ஆனா விடறதா இல்ல :)

பொட்டி தட்டுற வேலையில இருக்கறவனுக்கு சொந்தக்காரங்க மத்தியில ஒரு சாபம் உண்டு. நான் படிச்சது மெக்கானிக்கல் இன்ஜினியரிங்ங்கறது யாருக்கும் ஞாபகம் இருக்காது. மாமா வீட்டுல பிரிண்டர் பேப்பரைத் தின்னாலும் நம்மளத்தான் கூப்பிடுவாங்க, சித்தி போன்ல வாட்ஸப் காணாமப் போனாலும் நம்மளத்தான் கூப்பிடுவாங்க. கொஞ்ச நாளா எல்லாரும் கேட்கற ஒரே கேள்வி இதுதான்: "தம்பி, பத்தாயிரத்துக்குள்ள நல்ல டேப்லட் ஒண்ணு சொல்லேன். பெருசா ஒண்ணும் வேணாம்பா, சும்மா புக் படிக்கணும், யூடியூப் பார்க்கணும். அவ்வளவுதான்."

இந்த 'சும்மா'தான் பிரச்சினையே. 'சும்மா படிக்கத்தானே, இருக்கறதுலயே மலிவானது போதும்'னு நானும் நினைச்சவன்தான். சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்ட பிறகுதான் தெரிஞ்சது, அது எவ்வளவு பெரிய தப்புன்னு. காசு போனது கூடப் பரவாயில்லை. போனது வேற ஒண்ணு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அப்பாவும் புத்தகமும்

அப்பா போக்குவரத்துக் கழகத்துல நடத்துனரா இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலி - தென்காசி ரூட்லயே பாதி ஆயுசு ஓடிப்போச்சு. டிரிப் முடிஞ்சு அடுத்த டைமுக்குக் காத்திருக்கற இருபது நிமிஷத்துல, டிக்கெட் பைக்குள்ள இருந்து நூலகப் புத்தகத்தை எடுத்துருவார். அதிலயும் பயணக் கட்டுரைன்னா உசிரு. ஏ.கே. செட்டியார் எழுதினதையெல்லாம் தேடித் தேடிப் படிச்சவர். தென்காசியைத் தாண்டாத மனுஷன் உலகம் பூரா சுத்தினது அப்படித்தான்.

ரெண்டு கண்ணுலயும் புரை ஆபரேஷன் ஆனதுக்கப்புறம் தூரப் பார்வை பளிச்சுன்னு ஆயிடுச்சு. ஆனா சின்ன எழுத்து படிக்கறது மட்டும் சிரமம். கண்ணாடி போட்டாலும் அரை மணி நேரத்துல புத்தகத்தை மூடி வெச்சிடுவார். பழைய புத்தகங்கள்ல எழுத்து பொடிசு, தாள் மஞ்சள். நூலகம் போறது வாரம் ஒரு தடவை ஆச்சு, அப்புறம் மாசம் ஒரு தடவை ஆச்சு, அப்புறம் நின்னே போச்சு. ஒருத்தர் படிக்கறதை நிறுத்தறது சத்தமில்லாம நடக்கற விஷயம். வீட்டுல யாரும் கவனிக்கவே இல்ல, நான் உட்பட.

கவனிச்சதும் முதல்ல என்னோட 6 இஞ்ச் மின்நூல் கருவியை அவர்கிட்டக் கொடுத்தேன். அது சரிப்படல (ஏன்னு கீழ சொல்றேன்). அடுத்து, ஆன்லைன்ல 5,999 ரூபாய்க்கு ஒரு டேப்லட் வாங்கினேன். பேர் தெரியாத கம்பெனி. விளம்பரத்துல ஏகப்பட்ட கோர், ஏகப்பட்ட ஜிபி. நாலரை நட்சத்திரம் வேற. வேற என்ன வேணும்?

டிக்கெட் கிழிக்கறவங்க விரலை நாக்குல தொட்டுக்கிட்டுத்தான் கிழிப்பாங்க, பார்த்திருப்பீங்க. அப்பா புத்தகத்துலயும் அப்படித்தான் பக்கம் திருப்புவார். டேப்லட்லயும் அதே எச்சில் விரல் :) தேய்ச்சார். ஒண்ணும் நடக்கல. மறுபடி தேய்ச்சார். ஒண்ணும் நடக்கல. மூணாவது தடவை கொஞ்சம் அழுத்தித் தேய்ச்சதும், அது வரைக்கும் தூங்கிக்கிட்டிருந்த டேப்லட் முழிச்சுக்கிட்டு மூணு பக்கத்தையும் மொத்தமாத் திருப்பிடுச்சு. திரும்பி வரத் தேய்ச்சா, அதே கதை எதிர்ப்பக்கமா. நடுவுல ஏதோ ஒரு விளம்பரம் திரையை மறைச்சுது. அதை மூடப் போய் வேற எங்கயோ போயிட்டார்.

நாலு நாள் பார்த்தார். அஞ்சாவது நாள் டேப்லட்டை துணியில சுத்தி பீரோல வெச்சுட்டு சொன்னார்: "எனக்கு இதெல்லாம் வராதுல. சவத்த நீயே வெச்சுக்க."

அந்த 'எனக்கு வராது' இருக்கு பாருங்க, அதுதான் சுருக்குன்னு தைச்சுது. வராதது அந்த டேப்லட்டுக்கு. அப்பாவுக்கு இல்ல. முப்பது வருஷம் ஓடற பஸ்ல நின்னுக்கிட்டே சில்லறைக் கணக்கு தப்பாம பார்த்த மனுஷன், ஒரு மட்டமான கருவியோட தப்பைத் தன் தப்புன்னு எடுத்துக்கிட்டார். நமக்கு டேப்லட் திணறினா கம்பெனிக்காரனைத் திட்டுவோம். வயசானவங்க அப்படித் திட்ட மாட்டாங்க. 'நமக்கு வயசாயிடுச்சு'ன்னு ஒதுங்கிடுவாங்க. ஒரு தடவை ஒதுங்கிட்டா மறுபடி பக்கத்துல கொண்டு வர்றது லேசுப்பட்ட காரியம் இல்ல.

இது அப்பாவுக்கு மட்டும் நடந்த கதை இல்ல

ஆகாஷ் டேப்லட் ஞாபகம் இருக்கா? 2011 அக்டோபர் 5-ம் தேதி, அப்போதைய மத்திய அமைச்சர் கபில் சிபல் டெல்லியில வெளியிட்டார். 'உலகத்துலயே மலிவான டேப்லட்'னு பேப்பர் எல்லாம் ஒரே பேச்சு. அரசாங்கத்துக்கு ஒரு டேப்லட் 2,276 ரூபாய்க்கு வந்தது. மாணவர்களுக்கு மானியத்தோட இன்னும் கம்மி. நான் அப்ப ஸ்கூல் பையன். கையில ஒண்ணு கிடைக்காதான்னு ஏங்கினது நல்லா ஞாபகம் இருக்கு.

உள்ள என்ன இருந்தது? 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 256 எம்பி ராம், 7 இஞ்சில் 800 x 480 திரை. தொட்டா போதாது, அழுத்தணும். ரெசிஸ்டிவ் வகைத் தொடுதிரை அது. நோக்கத்துல குத்தமே சொல்ல முடியாது. ஏழைப் பிள்ளைங்க கையில ஒரு கருவி போகணும்னு நினைச்சது நல்ல விஷயம்தான். ஆனா விலையை முதல்ல முடிவு பண்ணிட்டு, அந்த விலைக்குள்ள என்ன அடங்குதோ அதைப் பண்ணினாங்க. 'இதை வெச்சு ஒரு பையன் ஒரு பாடத்தை முழுசாப் படிச்சு முடிக்க முடியுமா?'ங்கற கேள்வியில இருந்து ஆரம்பிக்கல. வேகம் போதல, பேட்டரி போதல, திரை சரியில்லைன்னு வரிசையாப் புகார். அடுத்த வருஷம் 2012 நவம்பர்ல ஆகாஷ்-2 வந்தப்போ வேகத்தையும் ராமையும் கூட்டி, திரையையும் கெப்பாசிட்டிவா மாத்தினாங்க. ஆனா முதல்ல விழுந்த பேர் மாறல.

அதே தப்பைத்தான் 5,999 ரூபாய்க்கு நானும் பண்ணினேன். விலையில இருந்து ஆரம்பிச்சேன். அப்பா என்ன படிக்கப் போறார்ங்கறதுல இருந்து ஆரம்பிக்கல.

நீங்க படிக்கறது எந்த மாதிரி கோப்பு?

டேப்லட் பத்தி இங்கிலீஷ்ல வர்ற கட்டுரைகள் நமக்கு அவ்வளவா உதவாததுக்கு ஒரு காரணம் இருக்கு. அவங்களுக்குப் புத்தகம்னா எழுத்தைப் பெருசாக்கிக்கிற மின்நூல். நமக்கு அப்படி இல்ல. தமிழ்ல படிக்கக் கிடைக்கறதை மூணு வகையாப் பிரிக்கலாம்.

ஒண்ணு, யூனிகோட் எழுத்தா இருக்கற மின்நூல். 1998 பொங்கல்ல முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஆரம்பிச்ச மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் நடத்தற ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ், அப்புறம் காசு கொடுத்து வாங்கற கிண்டில் புத்தகங்கள். 2016 டிசம்பர்ல இருந்து கிண்டில்ல தமிழும் உண்டு. இதுல எழுத்தை எவ்வளவு வேணும்னாலும் பெருசாக்கலாம், வரி தானா மடங்கிக்கும்.

ரெண்டு, ஸ்கேன் பண்ணின பிடிஎஃப். தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கு 2005-ல இருந்து இயங்கற நூலகம் தளம், ஆர்க்கைவ் தளத்துல கிடக்கற பழைய பத்திரிகைகள். பழைய புத்தகம் வேணும்னா முக்கால்வாசி இந்த வகைதான். ஒவ்வொரு பக்கமும் ஒரு போட்டோ. எழுத்தைத் தனியாப் பெருசாக்க முடியாது, மொத்தப் பக்கத்தையும்தான் இழுக்கணும்.

மூணு, வலைப்பக்கங்கள். நாம எழுதற மொக்கை எல்லாம் இதுல அடக்கம் :)

ஸ்கூல் படிக்கறப்போ அப்பாவோட சின்ன போன்ல தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வரும். ஓபரா மினியில ஒரு அமைப்பை மாத்தினா எழுத்தெல்லாம் படமா மாறி தமிழ் தெரியும். அந்தச் சூட்சுமம் தெரிஞ்சவன்தான் அப்ப எங்க தெருவுல பெரிய ஆள். இன்னிக்கு எந்த டேப்லட்லயும் அந்தக் கவலை இல்ல. மூணாவது வகைக்கு எதை வாங்கினாலும் ஓடும். தலைவலி எல்லாம் ரெண்டாவது வகையிலதான்.

கொஞ்சம் கணக்கு (ஓடாதீங்க, சின்னக் கணக்குதான்)

வீட்டுல இருக்கற டெம்மி சைஸ் புத்தகம் ஒண்ணை எடுத்து ஸ்கேல் வெச்சு அளந்து பாருங்க. ஏறக்குறைய 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம் இருக்கும். ஓரத்து வெள்ளைப் பகுதியை விட்டுட்டா, எழுத்து இருக்கற இடம் என் கையில இருக்கற புத்தகத்துல 10.5 x 17.5 செ.மீ.

இப்ப 6 இஞ்ச் மின்நூல் கருவியோட திரையைப் பார்ப்போம். சுமார் 9.1 x 12.2 செ.மீ. அதுக்குள்ள முழு டெம்மி பக்கமும் தெரியணும்னா 57 சதவீதமாச் சுருங்கணும். அச்சுல 11 பாயிண்ட்ல இருந்த எழுத்து 6 பாயிண்ட் ஆயிடும். அப்பாவுக்கு என் மின்நூல் கருவி சரிப்படாததுக்குக் காரணம் இதுதான். இழுத்துப் பெருசாக்கினா வரிக்கு வரி இடம் வலமாத் தள்ளணும். மின்மைத் திரையில ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு கண் சிமிட்டல். நான் படிச்சாலே எரிச்சல் வரும்.

8.7 இஞ்ச் டேப்லட்டோட திரை சுமார் 11.3 x 19 செ.மீ. ஓரத்தை வெட்டிட்டா எழுத்துப் பகுதி அப்படியே அச்சு அளவுக்கு வந்துடும், ஒரு மயிரிழை பெருசாவே இருக்கும். கண்ணு நல்லா இருக்கறவங்களுக்கு இதுவே தாராளம்.

11 இஞ்ச் டேப்லட்னா திரை சுமார் 14.8 x 23.7 செ.மீ. ஓரத்தை வெட்டினா அச்சுல இருக்கறதைவிட 35 சதவீதம் பெருசாத் தெரியும். 11 பாயிண்ட் எழுத்து 15 பாயிண்ட் ஆயிடும். பூதக்கண்ணாடி வெச்சுப் படிக்கற மாதிரி, ஆனா பூதக்கண்ணாடியை நகர்த்த வேண்டியது இல்ல!

ஒரு முழு ராத்திரி உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டேன். 5,999 ரூபாய் செலவு பண்றதுக்கு முன்னாடி போட்டிருக்கணும். அவ்வ்வ்...

அந்த டேப்லட் ஏன் திணறுச்சு?

புத்தகம் படிக்கறது லேசான வேலைன்னு நினைக்கறோம். யூனிகோட் மின்நூலுக்கு அது உண்மை. ஸ்கேன் பிடிஎஃப்புக்கு இல்ல. ஒரு டெம்மி பக்கத்தை 300 டிபிஐ-யில ஸ்கேன் பண்ணினா சுமார் 1650 x 2540 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட்னா, விரிச்சுப் போட்டா ஒரு பக்கத்துக்கே கிட்டத்தட்ட 17 எம்பி. முன் பக்கம், இந்தப் பக்கம், அடுத்த பக்கம்னு மூணைத் தயாரா வெச்சிருந்தா 50 எம்பி. அதோட, ஆர்க்கைவ் தளத்துக் கோப்புகள் பலதும் ஜேபெக்-2000 முறையில சுருக்கினது. அதை விரிக்கவே பிராசசர் நாக்கு தள்ளும். ஒரு வீடியோவை ஓட்டறதுக்குத் தனி வன்பொருள் எல்லா டேப்லட்லயும் உண்டு. இந்தப் பக்கங்களை விரிக்க அப்படி எதுவும் கிடையாது. அதனாலதான் யூடியூப் ஜம்முனு ஓடற டேப்லட்கூட பழைய புத்தகத்தைத் திறந்தா மூச்சு வாங்குது. கடையில யூடியூப் ஓட்டிப் பார்த்துட்டு வாங்கினா இப்படித்தான் ஏமாறுவோம்.

அப்ப எதைப் பார்த்து வாங்கறது?

மாடல் பேரைக் கேட்காதீங்க மக்களே. ஆறு மாசத்துல புது மாடல் வந்துடும், இந்தப் பதிவு ஊசிப்போயிடும். எதைப் பார்க்கணும்னு மட்டும் சொல்றேன்.

1. ராம் 4 ஜிபிக்குக் கீழ வேணவே வேணாம். '4 ஜிபி + 4 ஜிபி விர்ச்சுவல்'னு பெரிய எழுத்துல போட்டிருப்பாங்க. அந்த ரெண்டாவது 4 ஜிபி சேமிப்புல இருந்து கடன் வாங்கறது. கணக்குல சேர்த்துக்காதீங்க.

2. திரையில இஞ்சுக்கு எத்தனை புள்ளிங்கறதைப் பாருங்க. தமிழ்ல ஒரு புள்ளி தொலைஞ்சா மெய் உயிர்மெய்யா மாறிடும். 'ண', 'ன' சுழி கலங்கிடும். உதாரணத்துக்கு, சாம்சங் 2023-ல வெளியிட்ட ரெண்டு டேப்லட்டை எடுத்துப்போம். ஏ9-ல 8.7 இஞ்சில் 1340 x 800, அதாவது இஞ்சுக்கு 179 புள்ளி. ஏ9 பிளஸ்-ல 11 இஞ்சில் 1920 x 1200, அதாவது 206 புள்ளி. 200-க்கு மேல இருந்தா தமிழ் கண்ணுக்கு இதமா இருக்கு. 180 சமாளிக்கலாம். 150-க்குக் கீழ போனா ஸ்கேன் புத்தகத்தை மறந்துடுங்க. பழைய ஆகாஷ் எவ்வளவு தெரியுமா? 133.

3. எடை. இதை யாரும் பார்க்கறதே இல்ல. மேல சொன்ன ஏ9 332 கிராம், ஏ9 பிளஸ் 480 கிராம். 6 இஞ்ச் கிண்டில் 158 கிராம்தான். படுத்துக்கிட்டு ஒத்தைக் கையில படிக்கற ஜாதியா நீங்க? அப்ப 11 இஞ்ச் மூஞ்சியில விழும். எனக்கு விழுந்திருக்கு :(

4. ஆண்ட்ராய்டு எந்தப் பதிப்பு, பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருஷம் தருவேன்னு கம்பெனி எழுத்துல சொல்லியிருக்கா? சொல்லலைன்னா வராதுன்னு அர்த்தம். ஓய்வூதியக் கணக்கைத் தொடற கருவியில இது விளையாட்டு இல்ல.

5. அம்மாவுக்குப் படம் பார்க்கணும்னா 'வைட்வைன் எல்1' இருக்கான்னு பாருங்க. எல்3 மட்டும் இருந்தா காசு கட்டிப் பார்க்கற பெரிய தளங்கள்ல படம் மங்கலாத்தான் வரும், திரை எவ்வளவு நல்லா இருந்தாலும்.

6. கேமரா எத்தனை மெகாபிக்சல்? கேட்காதீங்க. முன்பக்கக் கேமரா வீடியோ காலுக்கு ஆனா போதும். பிராசசர்ல எத்தனை கோர்? அதையும் கேட்காதீங்க. பத்து நோஞ்சான் சேர்ந்தா ஒரு பயில்வான் ஆயிட முடியாது.

7. வீட்டுல வைஃபை இருந்தா சிம் போடற மாடல் வேணாம். அந்தக் காசை ராம்ல போடுங்க.

எல்லாத்துக்கும் மேல, கடைக்குப் போறப்போ ஒரு பென் டிரைவ்ல ஒரு பழைய ஸ்கேன் புத்தகத்தை எடுத்துட்டுப் போங்க. பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

கிண்டில் நல்லதா, டேப்லட் நல்லதா?

நம்ம வட்டாரத்துல பட்டிமன்றமே நடக்கற தலைப்பு. என் கட்சி இதுதான்: நீங்க படிக்கறதுல பெரும்பகுதி யூனிகோட் மின்நூல்னா கண்ணை மூடிட்டு மின்மைத் திரை வாங்குங்க. திரைக்குள்ள நுண்ணிய உறைகள், ஒவ்வொண்ணுக்குள்ளயும் கறுப்பு வெள்ளைத் துகள்கள். மின்புலம் மாறினா துகள் மேல வரும், கீழ போகும். பக்கம் திருப்பறப்போ மட்டும்தான் அதுக்கு மின்சாரம். வெயில்ல தாள் மாதிரியே தெரியும், வாரக்கணக்குல சார்ஜ் நிக்கும். அதைவிட முக்கியம், நடுவுல வாட்ஸப் டிங்குங்காது. நாவல் படிக்க அதை அடிச்சுக்க ஆளில்ல. நான் இன்னமும் அதுலதான் படிக்கறேன்.

ஆனா ஒண்ணு. 2025 பிப்ரவரி 26-ல இருந்து, வாங்கின கிண்டில் புத்தகத்தைக் கணினியில இறக்கி யூஎஸ்பி வழியா மாத்திக்கற வசதியை அமேசான் எடுத்துடுச்சு. காசு கொடுத்தும் புத்தகம் நம்ம அலமாரியில இல்ல, அவங்க அலமாரியிலதான் இருக்கு. இது எனக்கு உறுத்தலாவே இருக்கு.

படிக்கறதுல பாதிக்கு மேல ஸ்கேன் பிடிஎஃப்னா டேப்லட்தான். இதுல 'தாள் மாதிரி வருமா, கண்ணு என்னாகும்'னு தயங்கறவங்களுக்கு: வெளிச்சத்தைக் குறைச்சு, எழுத்தைப் பெருசாக்கி, அறையில விளக்கைப் போட்டுப் படிங்க. இருட்டுல படிக்காதீங்க. அப்பாவுக்கு 6 பாயிண்ட் எழுத்தை உத்துப் பார்க்கறதைவிட, 15 பாயிண்ட் எழுத்தை ஒளிரும் திரையில பார்க்கறது எத்தனையோ மேல்.

'பழைய ஐபேட் வாங்கலாமா?'ன்னும் சிலர் கேட்கறாங்க. திரை நல்லாத்தான் இருக்கும். ஆனா பேட்டரி எத்தனை வருஷம் உழைச்சது, அப்டேட் இன்னும் வருதா, ரெண்டையும் பார்த்துட்டு வாங்குங்க.

மூணாவது முயற்சி

தள்ளுபடி விற்பனை வர்ற வரைக்கும் காத்திருந்து, பதினாலாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு 11 இஞ்ச் வாங்கினேன். இந்தத் தடவை அப்படியே தூக்கிக் கொடுக்கல. ஒரு நாள் பூரா உட்கார்ந்து தயார் பண்ணினேன்.

முகப்புல நாலே நாலு சின்னம்: புத்தகம், செய்தி, யூடியூப், அக்காவுக்கு வீடியோ கால். மத்த எல்லாத்தையும் உள்ள ஒளிச்சாச்சு. அறிவிப்பு எல்லாம் கட். திரை சுழலாம பூட்டு. கணினியோட எழுத்தளவு ரெண்டு படி பெருசு. விளம்பரம் இல்லாத, ஓரத்தைத் தானா வெட்டற வாசிப்பு மென்பொருள். கோ ரீடர் இலவசம், திறமூலம், வெட்டற வேலையை அருமையாப் பண்ணுது. பக்கம் திருப்ப தேய்க்க வேண்டாம், வலது ஓரத்துல தொட்டாப் போதும்னு அமைச்சேன். மின்னூலகத்துல இருந்து நாட்டுடைமை ஆன பயணப் புத்தகங்களா இருபது இறக்கி வெச்சேன். 480 கிராமை அவர் தூக்கிட்டு உட்கார வேணாம்னு, அம்மா ராமாயணம் வெச்சுப் படிக்கற மடக்குப் பலகையைக் கடன் வாங்கினோம்.

(வாட்ஸப்புல சுத்தற திருட்டு பிடிஎஃப் எதையும் ஏத்தலை. நாட்டுடைமை ஆனதே ஒரு ஆயுசுக்குக் காணும். எழுதறவன் வயித்துல அடிச்சு நாம படிக்க வேண்டியது இல்ல. இங்க எழுதறவங்கள்ல நாலு பேராவது புத்தகம் போட்டவங்க, உங்களுக்கே தெரியும்.)

முதல் நாள் அப்பா பக்கத்துலயே வரல. "அன்னைக்கே சொன்னேம்லா, வராதுன்னு." நான் ஒண்ணும் பேசல. செட்டியார் புத்தகம் ஒண்ணைத் திறந்து பலகையில வெச்சுட்டுக் கடைக்குப் போயிட்டேன். திரும்பி வர முக்கால் மணி நேரம். அப்பா பலகை முன்னாடி உட்கார்ந்திருந்தார். விரலை நாக்குல தொட்டு, வலது ஓரத்துல வெச்சார். பக்கம் திரும்புச்சு. ஒரே ஒரு பக்கம்.

என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை: "ஏல, இதுல 43-ம் பக்கத்தைக் காணும். ஸ்கேன் பண்ணினவன் தூங்கிட்டானா?"

குறை சொல்றார் பாருங்க. இந்தத் தடவை தன் மேல இல்ல, ஸ்கேன் பண்ணினவன் மேல! எனக்கு அந்தப் பதினாலாயிரம் அங்கயே வசூல் ஆயிடுச்சு.

இப்பவும் அவருக்கு முழுத் திருப்தி இல்ல. எத்தனை பக்கம் பாக்கி இருக்குன்னு விரலால அளந்து பார்க்க முடியலையாம், அதுதான் பெரிய குறை. திரையில எச்சில் கறையைத் துடைக்க அம்மா தனியா ஒரு துணி வெச்சிருக்காங்க. ஆனா தினமும் ரெண்டு மணி நேரம் படிக்கறார். போன வாரம் பர்மா வரைக்கும் போயிட்டு வந்துட்டார்.

ஆக, என் கருத்து இவ்வளவுதான். 'சும்மா படிக்க' டேப்லட் வாங்கறப்போ பத்தாயிரமா பதினைஞ்சாயிரமாங்கறதை ரெண்டாவதா யோசிங்க. யாருக்கு, எந்த மாதிரி கோப்பு, என்ன எழுத்தளவு, இதை முதல்ல யோசிங்க. காசு அவ்வளவு இல்லைன்னா மூணு மாசம் பொறுத்து வாங்குங்க, தப்பே இல்ல. ஆனா திணறற கருவியை வயசானவங்க கையிலயோ, முதல் தடவை தொடற குழந்தை கையிலயோ கொடுத்துடாதீங்க. 'மலிவா முடிச்சுட்டேன்'னு நாம சந்தோஷப்படறப்போ, 'எனக்கு வராது'ன்னு அங்க ஒருத்தர் முடிவு பண்ணிக்கிட்டிருப்பார்.

உங்க வீட்டுல எப்படி? அப்பா அம்மாவுக்கு என்ன வாங்கிக் கொடுத்தீங்க, எது ஓடுச்சு, எது பீரோவுக்குப் போச்சு, பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி 1: எந்தக் கம்பெனிக்காரனும் எனக்குக் காசு தரல. தந்தா வாங்கிக்கத் தயார்தான், ஆனா தர மாட்டேங்கறாங்க :)

டிஸ்கி 2: அந்த 5,999 ரூபாய் டேப்லட் என்னாச்சுன்னு கேட்கறவங்களுக்கு: அடுப்படியில நிக்குது. அம்மா காலையில சுப்ரபாதம் ஓட்டறாங்க. சாயங்காலம் அதுக்கு மேல கறிவேப்பிலைக் கட்டு. ரெண்டு வேலையையும் திணறாமச் செய்யுது.